உலாவி பார்க்காத பூஜ்ஜியம்

போனில் ஒரு நீண்ட கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். விரலால் பக்கத்தை மேலே தள்ளுகிறீர்கள். அடுத்த பத்தி இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகக் கிடக்கிறது. ஒரு கணம் கழித்து எழுத்துகள் வெளிறிய சாம்பலில் தொடங்கி, கறுத்து, முழுசாகத் தெளிகின்றன. அதற்கடுத்த பத்தி இந்த நாசூக்கெல்லாம் இல்லாமல் பட்டென்று வந்து நிற்கிறது. மூன்றாவது பத்தி வரவே இல்லை. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் வெள்ளைதான்.

‘நெட் ஸ்லோ’ என்று நாம் எல்லோரும் முதலில் நெட்டைத்தான் திட்டுவோம். பாவம், பெரும்பாலும் அதன்மேல் குற்றமில்லை. பக்கம் முழுதாக இறங்கிய பிறகு போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டுத் தள்ளிப் பாருங்கள். அப்போதும் எழுத்துகள் அதே மாதிரி மெல்ல வரும், அல்லது அதே மாதிரி வராமல் போகும். அப்படியானால் அவை ஏற்கெனவே உங்கள் போனுக்குள் வந்து சேர்ந்துவிட்டன. யாரோ அவற்றை மறைத்துவைத்து, நீங்கள் நெருங்கும்போது காட்டுகிறார்கள். காட்டுவது ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய சில வரிகள். இந்த வித்தைக்கு ஃபேட்-இன் என்று பெயர். சினிமாவிலிருந்து வந்த சொல்.

இதைவிட எளிய வேலை இருக்க முடியாது என்றுதான் தோன்றும். ஆனால் வலைப்பக்கம் செய்யப் பழகுகிறவர்கள் தவறாமல் மாட்டிக்கொள்ளும் இடம் இது. எழுதிய வரிகளில் பிழை இருக்காது, எழுத்துப்பிழைகூட இருக்காது, ஆனாலும் ஓடாது.

அடர்த்தி என்ற நாலாவது எண்

திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. 1970-களின் பிற்பாதியில் நியூயார்க் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியின் வரைகலைக் கூடத்தில் வேலை பார்த்த எட் கேட்மலும் ஆல்வி ரே ஸ்மித்தும் இவற்றோடு நாலாவதாக ஓர் எண்ணைச் சேர்த்தார்கள். இந்தப் புள்ளி தனக்குப் பின்னால் இருப்பதை எந்த அளவுக்கு மறைக்கிறது என்று அந்த எண் சொல்லும். ஆல்ஃபா என்று பெயர் வைத்தார்கள். 1984-இல், லூகாஸ்ஃபிலிமில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் ஒரு படத்தின்மேல் இன்னொரு படத்தை எப்படியெல்லாம் வைக்கலாம் என்பதற்கு முழு விதித்தொகுப்பையே எழுதிவிட்டார்கள். இன்று உங்கள் போன் திரையில் நடப்பது ஏறக்குறைய அந்த விதிகளின்படிதான்.

வலைப்பக்கத்தில் இந்த எண்ணை ஒபாசிட்டி என்கிறார்கள். இந்த அத்தியாயத்தில் ‘அடர்த்தி’ என்று வைத்துக்கொள்வோம். அடர்த்தி 0 என்றால் பொருள் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. 1 என்றால் முழுசாகத் தெரியும். 0.3 என்றால் பொருளின் நிறம் மூன்று பங்கு, பின்னணியின் நிறம் ஏழு பங்கு கலந்து தெரியும்.

ஃபேட்-இன் என்பது இந்த எண்ணை 0-விலிருந்து 1-க்குச் சிறுகச் சிறுக ஏற்றுவது, அவ்வளவுதான். சாதாரணத் திரை விநாடிக்கு 60 முறை புதிதாக வரையப்படுகிறது; ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 16.7 மில்லி விநாடி. 600 மில்லி விநாடியில் ஒரு பெட்டி தெளிய வேண்டுமென்றால் 36 படங்கள் வேண்டும், ஒவ்வொன்றிலும் அடர்த்தி கொஞ்சம் கூடியிருக்கும். 120 முறை வரையும் போன்களில் 72 படங்கள்.

இந்த இடைப்பட்ட எண்களை நிரலாளர் கணக்குப் போட வேண்டியதில்லை. ‘அடர்த்தி மாறினால் உடனே மாற்றாதே, 600 மில்லி விநாடி எடுத்துக்கொள்’ என்று பக்கத்தின் தோற்ற விதிகளில் ஒரு வரி எழுதினால் போதும், மீதியை உலாவி பார்த்துக்கொள்ளும். இந்த வசதிக்கு டிரான்சிஷன் என்று பெயர். தமிழில் ‘படிமாற்றம்’ எனலாம்.

மஞ்சள் பெட்டி

ஒரே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம். பக்கத்தில் ‘முகவரி காட்டு’ என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் வெளிர்மஞ்சள் பெட்டி ஒன்று மெல்லத் தெளிய வேண்டும், அதற்குள் ஒரு கடையின் முகவரி. நிரலாளர் எழுதிய வரிகளைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: ஒரு பெட்டி செய், அதன் அடர்த்தியை 0 ஆக்கு, அதைப் பக்கத்தில் சேர், அதன் அடர்த்தியை 1 ஆக்கு.

படிமாற்ற விதி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது, 600 மில்லி விநாடி. அழுத்திப் பார்த்தால் பெட்டி பட்டென்று குதித்து நிற்கிறது. தெளிதலும் இல்லை, ஒன்றும் இல்லை.

முதல் சந்தேகம் நேரத்தின்மேல் விழும். ஒருவேளை 600 மில்லி விநாடி கண்ணுக்குப் போதவில்லையோ? 3000 ஆக்கிப் பார்க்கலாம். அப்போதும் குதிக்கிறது. இது தோல்விபோலத் தெரிந்தாலும் நல்ல தடயம். அசைவு வேகமாக நடந்து கண்ணுக்குத் தப்பியிருந்தால் மூன்று விநாடியில் தெரிந்திருக்கும். ஆக, அசைவு வேகமாக நடக்கவில்லை, நடக்கவே இல்லை.

இரண்டாவது சந்தேகம், விதி பெட்டிக்குப் போய்ச் சேரவில்லையோ என்பது. பெட்டி திரைக்கு வந்த பிறகு, உலாவியின் சோதனைக் கருவியைத் திறந்து அடர்த்தியைக் கையால் 0 ஆக்கினால், பெட்டி அழகாக மங்கி மறைகிறது. திரும்ப 1 ஆக்கினால் அழகாகத் தெளிகிறது. விதி சேர்ந்திருக்கிறது, சரியாகவும் வேலை செய்கிறது. அந்த முதல் முறை மட்டும்தான் தகராறு.

குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அசைவுகளைப் பட்டியலிடும் தனிப் பலகை ஒன்று இருக்கிறது. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பொத்தானை அழுத்தும்போது அந்தப் பலகையில் புதிதாக ஒரு கோடு தோன்றினால் அசைவு தொடங்கியிருக்கிறது, பிரச்சினை வேறெங்கோ. கோடே தோன்றவில்லை என்றால் தொடங்கவே இல்லை. நம் மஞ்சள் பெட்டிக்குக் கோடு தோன்றாது.

ஒரே ஆள், பல வேலை

பிரெண்டன் ஐக் 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்துக்காகப் பத்து நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். அன்று முதல் மாறாத ஒரு குணம் அதற்கு உண்டு. ஒரு வேலையை எடுத்தால் முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடும். அதைவிட முக்கியம், பக்கத்தின் தோற்றத்தைக் கணக்கிடுவதும் இடம் ஒதுக்குவதும், உலாவிக்குள் அந்த நிரலை ஓட்டுகிற அதே ஆளின் பொறுப்பு. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது, கேட்டாலொழிய, அவர் தோற்றக் கணக்கைத் தொட மாட்டார்.

நம் நாலு வரிகளும் ஓடி முடிய ஒரு மில்லி விநாடிகூட ஆகாது. அந்த நாலும் ஒரே வேலை. இரண்டாவது வரியில் அடர்த்தி 0 என்று எழுதப்பட்டது உண்மை. நாலாவது வரியில் அது அழிந்து 1 ஆனதும் உண்மை. வேலை முடிந்த பிறகுதான் உலாவி ‘சரி, பெட்டி எப்படி இருக்க வேண்டும்?’ என்று பார்க்கிறது. பார்க்கும்போது அங்கே இருப்பது 1. முன்பு என்னவாக இருந்தது என்று தன் கணக்கைப் புரட்டினால் இந்தப் பெட்டியைப் பற்றிய பதிவே இல்லை. இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறது. எதிலிருந்து எதற்கு மாறுவது?

கல்யாண மேடையில் போட்டோ எடுப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிளிக்குகளுக்கு நடுவில் மாப்பிள்ளை கண்ணை மூடித் திறந்தால் ஆல்பத்தில் அது வராது. மூடியதைப் பக்கத்திலிருந்த பத்துப் பேர் பார்த்திருக்கலாம். ஆல்பம் அவர்களைக் கேட்டு அச்சாவதில்லை.

நிரலாளரின் மனம் வரிகளைக் காலமாகப் படிக்கிறது. முதலில் 0, ‘பிறகு’ 1. உலாவிக்கு அந்த ‘பிறகு’ கிடையாது. இரண்டு தோற்றக் கணக்குகளுக்கு நடுவில் எத்தனை வரிகள் ஓடினாலும் அதற்கு அவை எல்லாம் ஒரே நொடி. இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை பக்கம் முழுவதையும் கணக்கிட்டிருந்தால் இன்றைய வலைப்பக்கங்களில் பாதி திறக்கவே திறக்காது.

தொடங்கிவிட்டால் ஃபேட்-இன் போலச் சாதுவான அசைவு கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடர்த்தியை மட்டும் மாற்றுவதற்குப் பக்கத்தின் அமைப்பைத் திரும்பக் கணக்கிட வேண்டாம். ஆகவே உலாவிகள் அந்த வேலையை வரைகலைச் சில்லு உதவியோடு ஓடும் தனிப்பிரிவிடம் தள்ளிவிடுகின்றன. நடுவில் ஜாவாஸ்கிரிப்ட் ஏதோ பெரிய கணக்கில் மாட்டி மூச்சுமுட்டினாலும் பெட்டி தன்பாட்டுக்குத் தெளிந்துகொண்டிருக்கும். சிக்கல் முழுவதும் அந்தத் தொடக்கத்தில்தான்.

அளந்து பார்த்தால் மறைந்துவிடும் பிழை

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. பெட்டி குதிக்கிறது, ஏன் என்று தெரியவில்லை. நிரலாளர் என்ன செய்வார்? நடுவில் ஒரு வரியைச் சொருகி, பெட்டியின் நிலவரத்தை அச்சிட்டுப் பார்ப்பார். பெட்டியைப் பக்கத்தில் சேர்த்த பிறகு, அடர்த்தியை 1 ஆக்குவதற்கு முன், ‘இந்தப் பெட்டியின் உயரம் எவ்வளவு?’ என்று கேட்டு, கன்சோல் என்ற உலாவியின் சோதனைப் பலகையில் எழுதச் சொல்கிறார். ஒருவேளை உயரம் பூஜ்ஜியமாக இருக்கிறதோ என்ற சந்தேகம்.

பொத்தானை அழுத்துகிறார். கன்சோலில் 84 என்று வருகிறது. பெட்டி அழகாக, மெல்ல, 600 மில்லி விநாடியில் தெளிகிறது!

நிம்மதியாக அந்தச் சோதனை வரியை எடுத்துவிடுகிறார். பெட்டி மறுபடி குதிக்கிறது. திரும்பப் போட்டால் தெளிகிறது. பேய் பிடித்த நிரல் என்று முடிவுகட்டிக் கணினியை ரீஸ்டார்ட் செய்கிறவர்கள் இந்த இடத்தில்தான் செய்வார்கள்.

நடந்தது இதுதான். உயரம் என்பது எங்கும் எழுதிவைக்கப்பட்ட எண் அல்ல. எழுத்துரு என்ன, அகலம் என்ன, முகவரி எத்தனை வரியாக மடிகிறது என்பதையெல்லாம் பார்த்துத்தான் சொல்ல முடியும். கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் சொல்ல வேண்டுமென்றால், தள்ளிப்போட்டுவைத்த தோற்றக் கணக்கை அந்தக் கணமே உலாவி முடித்தாக வேண்டும். முடிக்கிறது. அந்தக் கணத்தில் பெட்டியின் அடர்த்தி 0. அது கணக்கில் ஏறிவிடுகிறது. அடுத்த வரியில் 1 ஆனதும், ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய நிலை ஒன்று கையில் இருக்கிறது. படிமாற்றம் தொடங்குகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, அடர்த்தி 0-வாக இருந்த பெட்டி திரையில் ஒருமுறைகூட வரையப்படவில்லை. வரையத் தேவையும் இல்லை. உலாவியின் நினைவு திரையிலிருப்பதை வைத்து அல்ல, கடைசியாகப் போட்ட தோற்றக் கணக்கை வைத்து ஓடுகிறது. ‘ஒரு ஃபிரேம், அதாவது ஒரு படம், காத்திருக்க வேண்டும்’ என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். காத்திருப்பது ஒரு வழி, கேள்வி கேட்பது இன்னொரு வழி.

ஆகவே கன்சோலில் அச்சிடுவதை விட்டுவிட்டு, உயரத்தைச் சும்மா கேட்கும் வரியை மட்டும் வைத்துக்கொண்டாலே பிழை தீர்ந்தது. பதிலை யாரும் பயன்படுத்தப் போவதில்லை. இதனாலேயே அந்த வரிக்கு ஆயுள் கெட்டி இல்லை. ஆறு மாதம் கழித்து அதே நிரலைத் திறக்கிற இன்னொருவர், ‘ஒன்றுக்கும் உதவாத வரி’ என்று அழித்துவிட்டுப் போவார். நிரலைச் சரிபார்க்கும் கருவிகளே அதைக் குற்றம் என்று அடிக்கோடிடும். பக்கத்திலேயே ஒரு குறிப்பு எழுதிவைப்பது நல்லது.

ஒரு பெட்டிக்குப் பதில் இருநூறு பெட்டிகள் என்றால் ஒவ்வொன்றிடமும் உயரம் கேட்கக் கூடாது. ஒவ்வொரு கேள்விக்கும் கணக்கு திரும்ப ஓடிப் பக்கம் திக்கும். எல்லாவற்றையும் 0 ஆக்கிச் சேர்த்துவிட்டு, ஏதாவது ஒன்றிடம் ஒரே ஒருமுறை கேட்டுவிட்டு, பிறகு எல்லாவற்றையும் 1 ஆக்க வேண்டும். ஒரு கேள்வியே பக்கம் முழுவதையும் கணக்கில் ஏற்றிவிடும்.

காத்திருப்பதிலும் விவரம் உண்டு

இன்னொரு வழி காத்திருப்பது என்றேன். செட்டைம்அவுட் என்ற கட்டளை, ‘இதை இப்போது செய்யாதே, இத்தனை மில்லி விநாடி கழித்துச் செய்’ என்று ஒரு வேலையைத் தள்ளிவைக்கும். 0 கொடுத்தால் ‘கையிலிருப்பதை முடித்துவிட்டு உடனே’ என்று பொருள். நாலாவது வரியை இப்படித் தள்ளிவைத்தால் சில சமயம் பெட்டி தெளியும், சில சமயம் குதிக்கும். இரண்டு வேலைகளுக்கு நடுவில் உலாவி தோற்றக் கணக்கைப் போட்டுவிட்டதா என்பதைப் பொறுத்தது அது. 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை வருகிற கணக்கு, சரியாக அந்தச் சந்தில் வந்து விழ வேண்டும்.

‘அப்படியானால் 50 மில்லி விநாடி தருகிறேன்’ என்பார்கள். பெரும்பாலும் ஓடிவிடும், அதனால்தான் உலகம் முழுக்க 50, 100 என்ற எண்கள் நிரல்களில் காரணம் எழுதப்படாமல் உட்கார்ந்திருக்கின்றன. பழைய போனில், பக்கம் வேறு வேலையில் 80 மில்லி விநாடி சிக்கிக்கொண்டால் தோற்றக் கணக்கும் தள்ளிவைத்த வேலையும் ஒன்றாக வரிசையில் நிற்கும். வேலை முந்திக்கொண்டால் பெட்டி குதிக்கும். சோதித்தவரின் கணினியில் ஓடும், வாங்கியவரின் போனில் ஓடாது.

இதற்கென்றே வந்தது ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம். ‘அடுத்த படத்தை வரையும்போது என்னைக் கூப்பிடு’ என்பது அதன் பொருள். இதை வைத்தால் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு நுணுக்கம் காத்திருக்கிறது. உலாவி கூப்பிடுவது, அடுத்த படத்துக்கான தோற்றக் கணக்கைப் போடுவதற்குச் சற்று முன்னால். கூப்பிட்டவுடன் நாம் அடர்த்தியை 1 ஆக்கிவிட்டால், கணக்கு போடும்போது மறுபடி 1 மட்டும்தான் இருக்கும். கிளிக்கின்போது எழுதிய 0 இந்த முறையும் யார் கண்ணிலும் படாமல் போய்விடும். அந்த அழைப்புக்குள்ளேயே இன்னோர் அழைப்பைப் போட்டு, இரண்டாவது அழைப்பில் 1 ஆக்க வேண்டும். முதல் படத்தின் கணக்கில் 0 ஏறும், இரண்டாவதில் 1 வரும். நிரலைப் படிக்கிறவர்கள் ‘ஏன் இதை இரண்டு தடவை எழுதியிருக்கிறார்?’ என்று புருவத்தை உயர்த்தும் இடம் இது.

பழைய ஆட்களைக் கேட்டால், ‘எங்கள் காலத்தில் இந்தத் தொல்லையே கிடையாது’ என்பார்கள். அது உண்மை. 2006-இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் ஃபேட்-இன் என்று ஒரு சொல் எழுதினால் போதும். வேகம் சொல்லாவிட்டால் 400 மில்லி விநாடி, ‘ஸ்லோ’ என்றால் 600. உள்ளே அது 13 மில்லி விநாடிக்கு ஒருமுறை விழித்து, அடர்த்தியைத் தானே ஒவ்வொரு படியாக எழுதிக்கொண்டிருந்தது. தொடக்கம் எது, முடிவு எது என்று உலாவி ஊகிக்கும் பேச்சே இல்லை. விலை, ஒவ்வொரு படிக்கும் அந்த ஒரே ஆளை எழுப்ப வேண்டும்.

2011-இல் ஜேக்வெரி 1.6 இந்த 13 மில்லி விநாடியைக் கைவிட்டு, ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம் என்ற பட அழைப்புக்கு மாறியது. அதே ஆண்டிலேயே 1.6.3-இல் பின்வாங்கியது. வேறு தாவலுக்குப் போய்விட்டால் உலாவி பட அழைப்புகளை நிறுத்திவிடும், செட்டைம்அவுட் போன்ற கடிகாரங்களோ ஓடிக்கொண்டே இருக்கும். கடிகாரத்தை நம்பிப் புகைப்படங்களை மாற்றிக்கொண்டிருந்த பக்கங்களில் அசைவுகள் வரிசையில் குவிந்து, பார்வையாளர் திரும்பி வந்ததும் மொத்தமாக ஓடின. பட அழைப்புக்கு அது நிரந்தரமாக மாறியது 2016-இல், 3.0 வந்தபோதுதான்.

இன்று புதிதாக எழுதுகிறவருக்கு நான் இவற்றில் எதையும் சொல்ல மாட்டேன். எல்லா உலாவிகளிலும் இப்போது அனிமேட் என்ற கட்டளை இருக்கிறது. ‘0-விலிருந்து 1-க்கு, 600 மில்லி விநாடி’ என்று இரண்டு முனைகளையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். தொடக்கம் எழுத்திலேயே இருப்பதால் உலாவி பழைய கணக்கைப் புரட்ட வேண்டியதில்லை. படிமாற்றத்தையே விரும்புகிறவர்களுக்காக ஸ்டார்ட்டிங்-ஸ்டைல் என்ற விதி 2023-இல் குரோமிலும் 2024-இல் சஃபாரியிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்தது. ‘இந்தப் பெட்டி முதன்முதலாகத் தோன்றும்போது, முன்பு 0-வாக இருந்ததாக வைத்துக்கொள்’ என்று உலாவியிடம் சொல்லிவைப்பது அது.

இல்லாததும் தெரியாததும்

மஞ்சள் பெட்டியைப் புதிதாகச் செய்யாமல், முன்பே பக்கத்தில் வைத்து ‘காட்டாதே’ என்று ஒளித்திருந்தாலும் இதே கூத்துதான். டிஸ்ப்ளே-நன் என்று எழுதினால் உலாவியைப் பொறுத்தவரை பெட்டி தோற்றத்திலேயே இல்லை. இல்லாத பொருளுக்கு முந்தைய நிலை கிடையாது. ஒரே மூச்சில் அதைக் காட்டவும் சொல்லி அடர்த்தியை 1 ஆக்கவும் சொன்னால் குதிக்கும். மருந்து மேலே சொன்னவையே.

ஒளிப்பதற்குப் பதில் வெறும் அடர்த்தி 0 வைத்துவிட்டால் படிமாற்றம் சரியாக ஓடும், வேறொரு வம்பு வரும். கண்ணுக்குத் தெரியாத பெட்டி இடத்தை அடைத்துக்கொண்டு அங்கேயே இருக்கிறது. அதன்மேல் விழும் கிளிக்குகளையும் அதுதான் வாங்கிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் வேலை செய்யவில்லையா? அதன்மேல் அடர்த்தி 0-வில் ஏதோ ஒன்று படுத்திருக்கக் கூடும்.

போனில் மட்டும் வராத பத்தி

தொடக்கத்தில் பார்த்த மூன்றாவது பத்தி வரவே இல்லையே, அது வேறு ஜாதிப் பிழை. பத்தி திரைக்குள் வந்துவிட்டதா என்று கவனித்துச் சொல்ல இன்டர்செக்‌ஷன் அப்சர்வர் என்ற கருவி 2016-இல் குரோமில் வந்தது, பிறகு மற்றவற்றிலும். ‘பொருளில் இத்தனை பங்கு தெரிந்தால் எனக்குச் சொல்’ என்று அதனிடம் கேட்டுக்கொள்ளலாம். பலர் பாதி என்று எழுதுவார்கள். பாதி தெரிந்தால் காட்டலாம், நியாயமாகத்தானே இருக்கிறது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணினித் திரை 900 புள்ளி உயரம். கட்டுரையின் ஒரு பகுதி அங்கே 800 புள்ளி உயரத்தில் அடங்குகிறது. கீழே தள்ளும்போது 400 புள்ளி உள்ளே வந்ததும் பாதி ஆயிற்று, தெளிந்துவிடும். அதே பகுதி போனின் குறுகலான அகலத்தில் மடிந்து மடிந்து 2,000 புள்ளி உயரத்துக்கு நீண்டுவிடுகிறது. போன் திரையின் உயரம் 700. திரை முழுவதையும் அந்தப் பகுதியே நிறைத்திருந்தாலும் தெரிவது 700 தான், அதாவது 35 சதவீதம். பாதி என்பது எந்நாளும் நடக்காது. பகுதி என்றைக்கும் வராது.

எழுதியவர் பெரிய திரையில் பார்த்துத் திருப்தியோடு வீட்டுக்குப் போயிருப்பார். படிக்கிறவர்களில் பலர் கையில் இருப்பது போன். பங்கைக் கேட்காமல், ஒரு ஓரம் எட்டிப் பார்த்தாலே போதும் என்று எழுதியிருந்தால் இந்த வினை இல்லை.

மறைத்தவர் வராவிட்டால்

என் பிடிவாதம் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். படிக்க வந்தவருக்கு எழுத்தை மெல்லக் காட்டுவதில் எந்த உபகாரமும் இல்லை. ஒரு பொத்தானை அழுத்தியதும் எழும் சின்னப் பெட்டிக்கு அது அழகு, எங்கிருந்து வந்தது என்று கண்ணுக்குச் சொல்கிறது. கட்டுரைப் பத்திகளுக்கு எதற்கு?

வேண்டும் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோற்ற விதிகளில் அடர்த்தி 0 என்று எழுதிவைத்துவிட்டு, காட்டும் பொறுப்பை ஜாவாஸ்கிரிப்டிடம் விட்டால், அது ஓடாத நாளில் பக்கம் வெற்றுத்தாள். ஓடாமல் போகுமா? 2013-இல் பிரிட்டிஷ் அரசின் டிஜிட்டல் பிரிவு தன் தளத்தில் எண்ணிப் பார்த்தது. 1.1 சதவீதம் பேருக்கு ஜாவாஸ்கிரிப்ட் ஓடவில்லை. அதில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவைத்தவர்களும் அது இல்லாத உலாவிக்காரர்களும் சேர்ந்து 0.2 சதவீதம்தான். மீதி 0.9 சதவீதம் பேருக்கு எல்லாம் இருந்தும் அந்த நேரத்தில் ஓடவில்லை. இணைப்பு பாதியில் அறுந்தது, அலுவலகத் தடுப்பு வழிமறித்தது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஆகவே பக்கம் இயல்பாகத் தெரியும்படியே இருக்க வேண்டும். மறைக்கிற வேலையையும் ஜாவாஸ்கிரிப்டே செய்யட்டும். அது வராவிட்டால் மறைவதும் இல்லை.

இன்னொரு கூட்டத்தையும் மறந்துவிடுவார்கள். திரையில் எதுவும் அசைந்தாலே தலைசுற்றல் வருகிறவர்களுக்காகப் போன்களிலும் கணினிகளிலும் அசைவைக் குறைக்கும் அமைப்பு இருக்கிறது. அதை மதிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், ‘அப்படிக் கேட்டவர்களுக்கு எல்லா அசைவையும் ரத்து செய்’ என்று ஒரு விதியைச் சேர்ப்பார்கள். படிமாற்றம் ரத்தானால் பெரிய ஆபத்தில்லை, பெட்டி குதித்து நிற்கும். ஆனால் படிமாற்றம் முடிந்த சேதி வந்தால்தான் அடுத்த வேலை என்று நிரல் காத்திருந்தால், அந்தச் சேதி வரவே வராது. அடர்த்தி 0-வில் தொடங்கி, படிப்படியாக எழுதிவைத்த அசைவு முடிகிற இடத்தில் 1 ஆக நிற்கும்படி செய்த பக்கத்தில் நிலைமை இன்னும் மோசம்: அசைவை ரத்து செய்தால் 1 என்பதே வராது. தலைசுற்றல் வேண்டாம் என்றவருக்குக் கட்டுரையும் வேண்டாம் என்றாகிவிடும்.

ஐபோனில் செட்டிங்ஸுக்குள் அக்சஸிபிலிட்டி, அதற்குள் மோஷன், அதில் ரெட்யூஸ் மோஷன். பக்கத்தை வெளியிடுவதற்கு முன் அதை ஒருமுறை இயக்கி, மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.